கடலையில் துளிர் மட்டும் வெளுக்கிறது, யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை

செவக்காடு:
பல்லடம் பக்கம், சுக்கான் (சுண்ணாம்புக்கல்) கலந்த செம்மண், போர்த் தண்ணீர். நிலக்கடலை 28 நாள் பயிர். உச்சி இலைகள் வெளிறி மஞ்சளாகிவிட்டன, நரம்பு மட்டும் பச்சை. அடியிலையில் குறையில்லை. ஏக்கருக்கு 15 கிலோ யூரியா வீசி 8 நாளாகிறது, மாற்றமே இல்லை. தண்ணீர் தேங்கும் வாய்க்காலோரம்தான் மோசம். என்ன போடலாம்? ஜிப்சமும் போட வேண்டுமாமே, ஏற்கெனவே சுண்ணாம்பு மண்ணாச்சே?

வேர்முடிச்சு:
அடியிலை பச்சையாக இருந்தால் யூரியா தரும் தழைச்சத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவித் துளிருக்கு அனுப்பும், முதலில் வெளுப்பது அடியிலைதான். இரும்பை அப்படி உருவ முடியாது. அன்றன்றைக்கு வேர் எடுத்துத் தந்தால்தான் துளிருக்குக் கிடைக்கும். பச்சையத்துக்குள் இருப்பது மெக்னீசியம், இரும்பு அல்ல. ஆனால் பச்சையம் தயாராகும் வேலை இரும்பில்லாமல் நடக்காது. நரம்பும் சேர்ந்து மஞ்சளாகியிருந்தால் கந்தகக் குறை என்று சொல்லியிருப்பேன். உங்களுடையது இரும்புதான்.

உறுதி செய்ய: 100 மில்லி தண்ணீரில் அரை கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, நாலைந்து துளிர் இலைகளில் பஞ்சால் தடவி நூல் கட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் தடவிய இடம் மட்டும் பச்சையானால் சந்தேகமில்லை.

பிறகு 10 லிட்டர் டேங்குக்கு அன்னபேதி 50 கிராம், சிட்ரிக் அமிலம் 10 கிராம். வெயில் தாழ்ந்தபின் துளிர் நனைய அடியுங்கள், 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. ஒரே தடவை போதாது: இலையில் ஏறிய இரும்பு அடுத்து வரும் துளிருக்குப் போகாது.

மண்வாசம்:
செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், ஆனால் துரு வடிவில் பூட்டிக் கிடக்கிறது. கடலை வேர் அமிலம் கசியவிட்டு அதை இளக்கித்தான் எடுக்கும். சுண்ணாம்பு மண்ணில் பைகார்பனேட் அந்த அமிலத்தை முறித்துவிடும். தண்ணீர் தேங்கினால் வேர் விடும் கரிக்காற்று வெளியேற வழியின்றி மண்ணுக்குள்ளேயே கரைந்து பைகார்பனேட்டைக் கூட்டும். வாய்க்காலோரம் மோசமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வடிகால் எடுங்கள், மேல்மண் காய்ந்தபின் அடுத்த தண்ணீர் விடுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை முறை அடித்தாலும் மஞ்சள் திரும்ப வரும்.

அன்னபேதியை நேரே மண்ணில் வீசுவதும் வீண், சீக்கிரமே துருவாகிவிடும். மண்ணில் இடுவதானால் இ.டி.டி.ஹெச்.ஏ. இரும்பு, அதாவது துருவாகாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு. விலை கூடுதல்தான். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. இரும்பு இந்த மண்ணில் நிற்காது.

செவக்காடு:
தடவிய இலை பச்சையாகிவிட்டது, நன்றி. ஆனால் டேங்கில் கலந்ததும் கரைசல் பழுப்பாகிறது. அடிக்கலாமா?

வேர்முடிச்சு:
வேண்டாம், கொட்டிவிடுங்கள். பழுப்பு என்றால் இரும்பு துருவாகிவிட்டது, இலைக்குள் போகாது. போர்த் தண்ணீரில் முதலில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, அதன்பின் அன்னபேதியைப் போடுங்கள். மழைநீர் இருந்தால் இன்னும் நல்லது. அன்னபேதி இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். மஞ்சள் பூத்ததைக் கடையில் வாங்காதீர்கள். கலந்த உடனே அடித்து முடியுங்கள். டி.ஏ.பி. (மணிச்சத்து உரம்) கரைசலோடு சேர்த்தால் இரண்டும் திரிந்து அடியில் தங்கிவிடும்.

இன்னொன்று. ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கிறது, யூரியாவே தேவையில்லை. அந்தச் சிவப்புக்கும் இரும்பு வேண்டும், அதனால் இப்போது முடிச்சு சிறுத்தும் வெளிறியும் இருக்கலாம்.

மண்வாசம்:
ஜிப்சம் விட்டுப்போயிற்று. போடுங்கள். அது சுண்ணாம்புக்கல் போல மண்ணின் காரத்தை ஏற்றாது. சுண்ணாம்புக்கல்லைவிட எளிதில் கரையும், கால்சியத்தோடு கந்தகமும் தரும். வேர் உறிஞ்சும் கால்சியம் நீராவிப்போக்கோடு இலைக்குப் போய்விடும். மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு நீராவிப்போக்கு இல்லாததால் அது தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக எடுத்தாக வேண்டும், கிடைக்காவிட்டால் பருப்பில்லாத பொக்குதான். பூவிலிருந்து காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கும் 40–45ஆம் நாளில், ஈரமிருக்கும்போது, ஏக்கருக்கு 160 கிலோ செடியோரம் தூவி மண் அணையுங்கள். அதன்பின் காட்டில் கொத்து போடாதீர்கள், விழுது அறுந்துவிடும்.