டி-ரெக்ஸ் 450: ஸ்போர்ட்டா, புரோவா, டிஎஃப்சியா?

திங்கள்சந்தை_ஸ்வாஷ்
அண்ணன்மாரே, சிமுலேட்டர்ல ஹோவரும் எட்டு போடுறதும் கை பழகியாச்சு. இனி நிஜ ரிமோட் ஹெலிகாப்டர். செகண்ட்ஹேண்டா அலைன் கம்பெனியோட டி-ரெக்ஸ் 450 ஹெலி மூணு விலைக்கு வந்திருக்கு: வால் பிளேடைப் பெல்ட் சுத்துற ஸ்போர்ட், டார்க் டியூப்னு நீளத் தண்டு சுத்துற புரோ, தலை அமைப்பு மட்டும் வேற மாதிரி உள்ள புரோ டிஎஃப்சி. மூணுமே ஃப்ளைபார் (தலையில குறுக்கே நிக்கிற சமநிலைக் கம்பி) இல்லாதது, 3 செல் 2200 mAh பேட்டரி. பறத்தப்போறது அறுப்பு முடிஞ்ச வயல்ல, சில நாள் மணவாளக்குறிச்சி கடற்கரையில. எதை எடுக்கலாம்? வாங்குமுன்ன எதெல்லாம் பாக்கணும்?

ஆரல்_ரோட்டர்
ஸ்போர்ட்டை எடுங்க மக்கா. மூணுலயும் மெயின் பிளேடு 325 மி.மீ.தான், பேட்டரியும் ஒண்ணுதான். வித்தியாசமெல்லாம் வால்லயும் தலையிலயும் இருக்கு.

படிக்கிற காலத்துல முதல்ல தரையில மோதுறது வாலு. வயல்ல நிக்கிற நெல்லுத் தாள் ஒண்ணு வால் பிளேடுல தட்டினாலே போதும், டார்க் டியூப்ல கூம்பு கியரோட பிளாஸ்டிக் பல்லு தெறிச்சுரும். முழுசாப் போனா தெரிஞ்சுரும். ஒரு பல்லு மட்டும் போனாத்தான் ஆபத்து, அடுத்த தடவை மேல நிக்கும்போது வால் விட்டுப்போயி ஹெலி சுத்த ஆரம்பிச்சுரும். பெல்ட்டு அப்படியில்ல, அடி விழுந்தா வழுக்கிக் குடுத்துரும். பெரும்பாலும் பிளேடும் வால் ஷாஃப்டும் மாத்தினாப் போதும்.

டிஎஃப்சி முதல் ஹெலிக்கு வேண்டவே வேண்டாம். ஸ்வாஷ்ல (தலைக்குக் கீழ சாயுற தட்டு) இருந்து பிளேடைப் பிடிக்கிற கிரிப்புக்கு கை நேரா போறதால, விழுற அடி அந்தக் கையிலயும், தட்டைச் சாய்க்கிற குட்டி மோட்டாரான சர்வோவோட கியர்லயும் இறங்கும்.

பெல்ட்ல கவனிக்க ரெண்டே விஷயம். ஒரு பக்கத்தை அழுத்தினா எதிர்ப்பக்க பெல்ட்டைத் தொடக்கூடாது. தொட்டா, பூமை (வால் குழாயை) லேசா பின்னால இழுத்துத் திருகை இறுக்குங்க. இன்னொண்ணு, பெல்ட்டை முறுக்கி மாட்டுற திசை. மெயின் பிளேடைக் கையால வலஞ்சுழியாச் சுத்திப் பாருங்க, வால் பிளேடோட தடிச்ச விளிம்பு முன்னால போகணும். மாறிப் போனா வால் பிடிக்காது.

தக்கலை_ஸ்பானர்
பெல்ட்டுக்கும் குறை உண்டு. தளர்ந்த பெல்ட், திடீரெனப் பிட்ச் (பிளேடின் சாய்கோணம்) ஏற்றும்போது பல் தாண்டும், வால் உதறும். டார்க் டியூபில் வால் இறுக்கமாக நிற்கும், அடிக்கடி இழுத்துக் கட்டும் வேலையும் இல்லை. ஆனால் குழாயின் நடுவே உள்ள பேரிங் இடம் மாறாமல் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வு, ஹெலி திரும்புவதை உணரும் ஜைரோவைக் குழப்பும். கை நன்றாகப் பழகிய பின் புரோ சரிதான். முதல் ஹெலிக்கு நானும் ஸ்போர்ட்டையே சொல்வேன்.

எதை வாங்கினாலும் மெயின் ஷாஃப்டையும், இரு பிளேடு கிரிப்பையும் இணைக்கும் ஃபெதரிங் ஷாஃப்டையும் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடினால் வளைந்திருக்கிறது. சர்வோ கையை மெதுவாகத் திருப்புங்கள், ஓரிடத்தில் தட்டினாலும் கியர் போயிருக்கிறது. கிரிப்பில் பிளேடின் வெளி இழுப்பைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் மாறி மாட்டியிருப்பது அடிக்கடி காணும் தப்பு: பெரிய துளையுள்ள வளையம் தலைப்பக்கம், சிறியது வெளிப்பக்கம். உலோகத்தில் இறங்கும் திருகுகளுக்கு நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை), பிளாஸ்டிக்கில் அது படவே கூடாது. பினியனுக்கும் (மோட்டாரின் சிறு பல்சக்கரம்) மெயின் கியருக்கும் இடையில் ஒரு தாள் துண்டு விட்டு இடைவெளி வையுங்கள். உப்பிய பேட்டரியை விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

முட்டம்_ஈரக்காற்று
மணவாளக்குறிச்சி கடற்கரையை விட்டுருங்க. அங்க உள்ள கருமணல்ல இல்மனைட் உண்டு, மோட்டார் காந்தத்துல போயி ஒட்டிக்கிடும். உள்ள புகுந்தா சுருள் கம்பியைத் தேய்ச்சு மோட்டாரைச் சாகடிக்கும். கிளம்பும்போது இறக்கை காத்தே மணலைக் கிளப்பிவிடும், ஸ்வாஷ் பேரிங் நறநறங்கும். போயே ஆகணும்னா 1 மீட்டர் பிளைவுட் பலகை ஒண்ணு கொண்டுபோய் அதுலேருந்து ஏத்தி இறக்குங்க. வீட்டுக்கு வந்ததும் ஷாஃப்டையும் பேரிங்கையும் துடைச்சு லேசா எண்ணெய் தொடுங்க. உப்புக்காத்துல துரு சீக்கிரமே பிடிக்கும்.

திங்கள்சந்தை_ஸ்வாஷ்
கடற்கரை வேண்டாம், விட்டாச்சு. ஸ்போர்ட்தான். ஆனி, ஆடிக் காத்துக்கு என்ன செய்ய? வயல்ல கிழக்கே இருந்து வீசுறது இல்ல, மேற்கே இருந்து தள்ளுது.

ஆரல்_ரோட்டர்
விடியும்போது பறத்துங்க, வெயில் ஏறினா காத்தும் ஏறும். பேட்டரி மாட்டினதும் ஜைரோ தன்னைச் சரிபண்ண சில நொடி ஹெலி அசையாம நிக்கணும். காத்து உலுக்கினா அது தயாராகாது. அதனால காத்துக்கு முதுகு காட்டி மறைச்சு உக்காந்து மாட்டுங்க. மோட்டார் சுத்தாமத் தடுக்கிற த்ராட்டில் ஹோல்டு சுவிட்ச் போட்டிருக்கான்னு பாத்துட்டுத்தான் கையை விடணும்.

முதல் ஹோவர் 1 மீட்டருக்கு மேல. கீழயே வச்சா தன் காத்துலயே தத்தளிக்கும். நீங்க 5, 6 மீட்டர் தள்ளி, வாலு உங்க பக்கம். டைமர் 4 நிமிஷம். இறக்கினபிறகு சார்ஜர் 1760 mAh-க்கு மேல ஏத்தினா நேரத்தைக் குறைங்க. 2200-ல 80 சதவீதம் அவ்வளவுதான். பறத்தாத நாள்ல செல்லுக்கு 3.8 வோல்ட்டுல வையுங்க. கிளம்புமுன்ன டிஜிட்டல் ஸ்கைங்கிற அரசோட ட்ரோன் வான்வெளி வரைபடத்துல அந்த வயல் எந்த நிற மண்டலத்துல வருதுன்னும் பாத்துக்கிடுங்க.