ஊருக்குள் போனதும் திணறும் கேம்: குறை கன்சோலிலா, ஸ்டூடியோவிலா?

நண்பர்களே, உதவி வேணும். புதுசா வந்த ஓப்பன் வேர்ல்ட் கேம் ஒண்ணு, பிஎஸ்5 கன்சோலோட பெர்ஃபார்மன்ஸ் மோடில் (படத் தெளிவைவிட வேகத்துக்கு முக்கியத்துவம் தர்ற அமைப்பு) காட்டுக்குள்ள வழுக்கிட்டுப் போகுது. சந்தைக்குள்ள நுழைஞ்சு கேமராவைத் திருப்பினா வெட்டி வெட்டி நகருது.

60 எஃப்பிஎஸ்-க்கு, அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) வரணும்னா, ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிசெகண்டுக்குள்ள தயாராகணும். கூட்டம் கூடுற இடத்துல மட்டும் இடறுதுன்னா சிபியூ (கணக்குப் போடுற மெயின் சிப்) மேலதான் சந்தேகம். ரெசல்யூஷனைக் (படத் தெளிவை) குறைச்சாலும் அது சரியாகாது, ஏன்னா அது கிராஃபிக்ஸ் சிப்போட சுமையைத்தான் குறைக்கும். ஃபிரேம் வர்ற வேகத்துக்கு ஏத்த மாதிரி டிவி திரையைப் புதுப்பிக்கிற விஆர்ஆர் வசதி பிஎஸ்5-ல வேலை செய்யறது 48 முதல் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை தடவை) வரை. அதுக்குக் கீழே விழுந்தா திணறல் பெரும்பாலும் திரும்பிடும். பாதி வெந்த கேமை விற்கிறது ஸ்டூடியோவோட தப்புதான், கன்சோலைத் திட்டிப் பயனில்லை.

120 ஹெர்ட்ஸ் டிவியில் 40 எஃப்பிஎஸ் மோடு போட்டவங்க சொல்லுங்க: சந்தையில் ஒரு ஃபிரேமுக்கு 25 மில்லிசெகண்ட் சீரா நிக்குதா? கேமோட பேட்ச் (அப்டேட்) எண்ணையும் சேர்த்துப் போடுங்க.