பெண்கள் தொழில் தொடங்க எது தடை? தைரியமா, கையெழுத்தா?

காட்பாடிக்காரி:
நேற்று இந்த வேலூர் விவாதப் பக்கத்தில் ஒருவர், "2015ல் சிறுதொழிலுக்கான முத்ரா கடன் திட்டம் வந்தாச்சு, 10 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கடன் கிடைக்குது. பெண்களுக்குத் தைரியம்தான் இல்லை" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தையல் யூனிட் போட 3 லட்சம் கேட்டு வங்கிக்குப் போனேன். பத்திரம் கேட்கவில்லை, உண்மைதான். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா, அவர் கையெழுத்து வேணும்" என்றார்கள். அவர் போட மாட்டேன் என்றுவிட்டார். எதில் தைரியம் குறைந்தது?

சத்துவாச்சாரி செல்வம்:
எழுதியது நான்தான். கணவர் கையெழுத்து வேண்டும் என்று திட்ட விதியில் எங்கே இருக்கிறது? காட்டுங்கள். என் மனைவி பெயரில் ஹார்டுவேர் கடை ஓடுகிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

காட்பாடிக்காரி:
விதியில் இல்லை சார், கேட்பது மேனேஜர் மேஜையில். சரி, உங்கள் மனைவியின் கடனுக்கு யார் கையெழுத்துப் போட்டது?

குடியாத்தம் தறி:
கையெழுத்தை விடுங்கள். எங்கள் ஊர் லுங்கித் தறியில் தார்க்குச்சியில் நூல் சுற்றுவது பெண்கள், வியாபாரியிடம் விலை பேசுவது ஆண்கள். எந்தச் சரக்கு எங்கே போகிறது என்றே எங்கள் அம்மாவுக்குத் தெரியாது. கடன் கொடுத்தாலும் யாரிடம் போய் விற்பார்?

செல்வம்:
விதியைக் காட்டச் சொன்னால் தறிக்குப் போய்விட்டார்கள். குழுக் கடன் வாங்கும் பெண்கள் யார் கையெழுத்தில் வாங்குகிறார்கள்?

காட்பாடிக்காரி:
குழுவில் ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பு, அதனால் கிடைக்கிறது. என் பங்குக்கு வந்த பணத்தில் ஒரு மெஷின் வாங்கலாம், யூனிட் போட முடியாது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தது, 2005ல் நாடு முழுக்க வந்தது. எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? அண்ணனுக்காக என் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அன்றைக்கு யாரும் வீட்டுக்காரரைக் கூட்டி வரச் சொல்லவில்லை. அந்த நிலம் இருந்திருந்தால் நான் எவரிடமும் போய் நின்றிருக்க மாட்டேன்.

ஆம்பூர்ப் பையன்:
அக்கா சொல்வது சரி. எங்கள் ஊர் ஷூ கம்பெனிகளில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைப்பது எல்லாம் பெண்கள். கம்பெனிகளிடம் சொந்தமாக ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஆர்டர்) எடுக்கும் பெண் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

செல்வம்:
தம்பி, ஆம்பூர் 2019லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். இது வேலூர் விவாதம்.

ஆம்பூர்ப் பையன்:
கோடு போட்டால் ஊர் மாறிவிடுமா அண்ணா? போன மாதம் பாலாறு விவாதத்திலும் இப்படித்தான் என்னை வெளியே தள்ளினீர்கள்.

செல்வம்:
அதை ஏன் இங்கே இழுக்கிறாய்? பாலாற்றில் நான் சொன்னதுதான் சரி. விதி எங்கே?

காட்பாடிக்காரி:
மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். யார் கையெழுத்து?

செல்வம்:
குடும்பத்தில் கணவன் போடாமல் வேறு யார் போடுவது? அது தடை ஆகாது, துணை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள், விதியை பிரிண்ட் எடுத்து வைக்கிறேன்.

காட்பாடிக்காரி:
வருகிறேன். உங்கள் மனைவி கடையில் இருப்பார்களா? அவர்களிடம்தான் பேச வேண்டும்.