எரடோஸ்தனீஸின் பூமி அளவை நாமே எடுத்துப் பார்க்க: எங்கெங்கே பிசகும்?

நிழற்குச்சி (கேள்வி)

வணக்கம். கி.மு. 240 வாக்கில் எரடோஸ்தனீஸ் பூமியின் சுற்றளவைக் கண்டதைப் பாடப்புத்தகங்கள் ஒரே மாதிரிதான் சொல்கின்றன. கோடையின் மிக நீண்ட பகலன்று சையீன் ஊர்க் கிணற்றின் அடியில் சூரியன் தெரிந்தது, அதே உச்சிவேளையில் அலெக்சாண்டிரியாவில் நிழல் 7.2 டிகிரி காட்டியது, இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியா (ஸ்டேடியம் என்ற பழைய கிரேக்கத் தூர அளவு), ஆகவே 40,000 கி.மீ. இதில் எவ்வளவு உண்மை?

வரும் மார்ச் 20 அன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு சென்னையிலும் கன்னியாகுமரியிலும் ஒரு மீட்டர் குச்சி நட்டு, சரியாக 12 மணிக்கு நிழலை அளப்பதாகத் திட்டம். விடை ஓரளவாவது பக்கத்தில் வர எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பழங்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

எரடோஸ்தனீஸ் இதைப் பற்றி எழுதிய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. செய்முறையை ஓரளவு விரிவாகச் சொல்பவர் பிற்காலத்தவரான கிளியோமிடிஸ். அவர் விவரிப்பில் கிணறு கிடையாது. சையீனில் (இன்றைய அஸ்வான்) நிழற்கடிகார முள்ளுக்கு அன்று நிழல் விழாது என்றுதான் இருக்கிறது. கிணற்றைச் சொல்பவர்கள் ஸ்ட்ராபோ, பிளினி என்ற வேறு இரண்டு பழைய நூலாசிரியர்கள். அலெக்சாண்டிரியாவில் பயன்பட்டது நட்டுவைத்த குச்சியும் அல்ல. அரைக்கோளமாகக் குடைந்த கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு முள் நிமிர்ந்து நிற்கும் நிழற்கடிகாரம் அது. நிழல் கிண்ணத்தின் வளைவிலேயே விழுவதால் அந்த வில் முழு வட்டத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று நேரடியாக அளந்துவிடலாம், முக்கோணவியலே வேண்டாம். கிடைத்தது ஐம்பதில் ஒரு பங்கு. 7.2 டிகிரி என்பது நாம் மாற்றி எழுதிக்கொண்டது.

5,000 × 50 = 2,50,000 ஸ்டேடியா. மற்ற பழைய நூல்களில் 2,52,000 என்று வருகிறது. 360-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 700 வரும் எண் அது.

இனி, அந்த 40,000 கி.மீ. ஒரு ஸ்டேடியம் 157.5 மீட்டர் என்று வைத்தால் 2,50,000 ஸ்டேடியா 39,375 கி.மீ. ஆகும். பரவலாகச் சொல்லப்படும் 185 மீட்டரை வைத்தால் 46,250. எது அவர் கையாண்ட அளவு என்பதில் இன்றும் வழக்கு ஓயவில்லை. "ஒரு சதவீதத் துல்லியம்" என்று எழுதுகிறவர்கள் விடைக்கு ஏற்ற ஸ்டேடியத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். அவருடைய சாதனை அந்தத் துல்லியம் அல்ல. இரண்டு ஊர், ஒரு கோணம், ஒரு தூரம் இருந்தால் முழு உலகையும் அளந்துவிடலாம் என்று கண்டதுதான் சாதனை. பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அஸ்வான் இருப்பது 24.1 டிகிரி அட்சரேகையில். அந்தக் காலத்தில் சூரியன் வடக்கே எட்டிய எல்லை சுமார் 23.7. ஆக, அங்கே அன்று நிழல் உண்டு. ஒரு மீட்டர் குச்சிக்கு 6 மில்லிமீட்டர், அவ்வளவுதான். நிழல் விளிம்பின் மங்கலில் அது கரைந்துபோகும். அலெக்சாண்டிரியா (31.2) அஸ்வானுக்கு நேர் வடக்கிலும் இல்லை, மூன்று டிகிரி மேற்கே தள்ளி இருக்கிறது. ஊருக்கு ஊர் நேர்க்கோட்டில் சுமார் 840 கி.மீ., வடக்கு தெற்காக மட்டும் எடுத்தால் சுமார் 790 கி.மீ.

தூக்குக்குண்டு

மேலே சொன்ன கடைசி விஷயம்தான் உங்கள் திட்டத்தையும் கெடுக்கும். சென்னை (13.08 வ, 80.27 கி), கன்னியாகுமரி (8.08 வ, 77.55 கி). கோண வித்தியாசம் 5 டிகிரி. வடக்கு தெற்குத் தூரம் 553 கி.மீ., ஆனால் வரைபடத்தில் அளந்தால் நேர்க்கோட்டில் சுமார் 628 வரும். அதைப் போட்டுக் கணக்கிட்டால் விடை 45,200. பிள்ளைகள் தங்கள் அளவைத்தான் சந்தேகிப்பார்கள், தவறோ ஊர்த் தேர்வில் இருக்கிறது. போதாக்குறைக்கு இரண்டு ஊரிலும் உச்சிவேளை 11 நிமிடம் விலகி நிற்கும்.

சென்னையை விட்டுப் பெங்களூருவை எடுங்கள் (12.97 வ, 77.59 கி). கன்னியாகுமரிக்குக் கிட்டத்தட்ட நேர் வடக்கு. வித்தியாசம் 4.89 டிகிரி, தூரம் 541 கி.மீ.

12 மணிக்கு அளக்காதீர்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குக்கு உரியது. 77.55-க்கு அதனாலேயே 20 நிமிடம் தாமதம், மார்ச் 20-இல் சூரியனும் ஏழரை நிமிடம் பின்தங்கி வரும். உச்சி சுமார் 12.27-க்கு. செப்டம்பர் 23 என்றால் 12.12. 12.10-லிருந்து 12.45 வரை மூன்று நிமிடத்துக்கு ஒரு புள்ளி குறியுங்கள். இந்த இரண்டும் சம இரவு நாட்கள் (பகலும் இரவும் சமம்), அன்று புள்ளிகள் கிழக்கு மேற்காக நேர்க்கோட்டில் விழும். குச்சியின் அடியிலிருந்து அந்தக் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரம்தான் உங்களுக்கு வேண்டிய நிழல். சரியாக உச்சியின்போது மேகம் மறைத்தாலும் கோடு காப்பாற்றிவிடும்.

எதிர்பார்க்க வேண்டிய அளவு: கன்னியாகுமரியில் 14.2 செ.மீ., பெங்களூருவில் 23 செ.மீ. நிழலைக் குச்சியின் உயரத்தால் வகுத்து, கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் போட்டால் கோணம். நிழலில் 1 மி.மீ. பிசகினால் சுற்றளவில் 440 கி.மீ. பிசகும்.

அதைவிடப் பெரிய எதிரி சாய்வு. குச்சி வடக்கிலோ தெற்கிலோ 1 டிகிரி சாய்ந்தால் அது முழுசாகக் கோணத்தில் ஏறும், அதாவது 20 சதவீதம், 8,000 கி.மீ. ஆகவே குச்சியே வேண்டாம். கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்று வாங்கித் தொங்கவிடுங்கள். தரைப் பலகையை ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள். நூல் செங்குத்தாக இருந்தால், பலகை 1 டிகிரி சரிந்திருந்தாலும் நிழல் அரை சதவீதம்கூட மாறாது. குச்சியைச் சரிந்த பலகைக்குச் செங்குத்தாக நட்டால்தான் அத்தனையும் போகும்.

அடுத்தது விளிம்பு. சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. ஒரு மீட்டரில் நிழல் நுனி 9 மி.மீ. அளவுக்கு மங்கும். இருட்டு முடியும் இடத்தைக் குறிப்பவர் சூரியனின் மேல் விளிம்பை அளக்கிறார், நடுவை அல்ல. ஓர் ஊரில் ஒருவர் இருட்டின் முனையையும் மற்ற ஊரில் ஒருவர் மங்கலின் முனையையும் குறித்தால் அரை டிகிரி போச்சு. இதைத் தீர்த்தவர் சீனத்து வானியலாளர் குவோ ஷோஜிங். 1270-களில் காவ்செங்கில் 40 சீன அடி உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டம் வைத்து, கீழே ஊசித்துளைத் தகட்டை நகர்த்தி, சூரிய வட்டின் நடுவே சட்டத்தின் மெல்லிய கோடு விழும்படி செய்தார். ஆண்டின் நீளம் 365.2425 நாள் என்ற அவர் நாட்காட்டிக்கு இப்படி அளந்த நிழல்கள் ஆதாரம்.

நீங்கள் எளிமையாகச் செய்யலாம். 3 மி.மீ. துளையிட்ட அட்டையை ஸ்டூலின் மேல் தரைக்கு இணையாக ஒட்டுங்கள், துளை பலகையிலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கீழே ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான ஒளிவட்டம் விழும். அதன் நடுவைக் குறியுங்கள். துளைக்கு நேர் கீழே தூக்குக்குண்டு தொடும் இடம்தான் தொடக்கப்புள்ளி.

இவ்வளவும் செய்தால் விடை 39,800-ஐ ஒட்டி வர வேண்டும். துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு 40,008 வரவில்லையே என்று வருந்த வேண்டாம். பூமி துருவங்களில் தட்டையானது, நம் அட்சரேகையில் ஒரு டிகிரி 110.6 கி.மீ.தான்.

நிழற்குச்சி

மிக்க நன்றி. பெங்களூரு என்றே முடிவு செய்கிறோம். இரண்டு சந்தேகம். தேர்வுகளால் ஏப்ரல் மாதத்துக்குத் தள்ளிப்போனால் பரவாயில்லையா? இரண்டு ஊர் இல்லாமல் ஒரே இடத்திலிருந்து அளக்கும் வழி உண்டா?

தூக்குக்குண்டு

எந்த நாளும் ஆகும், இரண்டு ஊரிலும் அதே நாளாக இருந்தால் போதும். ஆனால் ஏப்ரல் 11 முதல் 24 வரை சூரியன் இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்கும். கன்னியாகுமரி நிழல் தெற்கே விழும், பெங்களூரு நிழல் வடக்கே விழும். அப்போது கோணங்களைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். சம இரவு நாள் இல்லாததால் புள்ளிகளும் லேசாக வளையும், மிகக் குறைந்த தூரத்தை எடுங்கள்.

பழங்கணக்கு

ஒரே இடம் என்றால் அல் பிரூனி என்ற அறிஞரின் வழி. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையருகே செய்தார். முதலில் சமவெளியில் இரண்டு இடத்திலிருந்து மலையுச்சியின் ஏற்றக்கோணத்தை அளந்து உயரம் கண்டார், சுமார் 652 முழம். பிறகு உச்சியில் நின்று, தொடுவானம் கிடைமட்டத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று அளந்தார், 34 கலை (ஒரு கலை என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). உயரத்தின் இருமடங்கைக் கோணத்தின் வர்க்கத்தால் (ரேடியனில்) வகுத்தால் பூமியின் ஆரம்.

அழகான வழி, ஆனால் வகுப்புக்கு ஆகாது. வர்க்கம் இருப்பதால் 34 கலையில் ஒரு கலை தவறினாலே 6 சதவீதம் போகும். காற்று ஒளியை வளைத்துத் தொடுவானத்தைத் தூக்கிக் காட்டுவதால், கோணத்தை அப்பழுக்கில்லாமல் அளந்தாலும் 6,371 கி.மீ.க்குப் பதில் 7,300 முதல் 7,600 வரை வரும்.

அளவு அலகு பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வானியலாளர் அல் பர்கானி பூமியில் ஒரு டிகிரிக்கு 56⅔ மைல் என்று எழுதியது அரபு மைலில். கொலம்பஸ் அதைச் சிறிய ரோமானிய மைலாக எடுத்துக்கொண்டதால் அவர் கணக்கில் பூமி கால்பங்கு சுருங்கியது. பிள்ளைகளின் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகு இருக்கட்டும்.

சங்கிலிக்காரர்

ஒரு சேர்க்கை. 541 கி.மீ. என்பதை வரைபடச் செயலியிலிருந்து எடுத்தால், பூமியின் அளவு ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது, கவனியுங்கள். நிழலால் அளப்பது கோணம் மட்டும், தூரம் கடன் வாங்கியது. அந்தத் தூரத்தை இங்கே முதன்முதலில் முறையாக நிலத்தில் அளக்கத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். 1802-இல் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் எஃகு நீண்டு அந்த 12 கி.மீ.யில் ஒன்றரை மீட்டர் அளவு மாறும், அதனால் சங்கிலியைப் பெட்டிகளில் வைத்து வெப்பநிலையையும் குறித்துக்கொண்டே போனார்கள். பிறகு அந்தக் கோட்டிலிருந்து கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணம் முக்கோணமாகத் தெற்கும் வடக்கும் போனார்கள்.

பிள்ளைகளே தூரமும் காண வேண்டுமென்றால் நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல்லைக் கூட்டுங்கள், ஒவ்வொரு துண்டும் எந்தத் திசையில் போகிறது என்று திசைகாட்டியில் பார்த்து வடக்குப் பங்கை மட்டும் எடுங்கள். விடை சற்றுக் கூடுதலாகத்தான் வரும், ஏனெனில் துண்டுக்குள் இருக்கும் வளைவுகளையும் நேராகக் கணக்கில் எடுத்துவிடுவீர்கள்.