மறுமொழி: வோட்டர்புறூவ் பவுச்சுக்கு என்ன சொல்லுவம்? நனையாப்பையா நீர்புகாப்பையா

வணக்கம் எல்லாருக்கும்.

போன் தண்ணியில நனையாமல் போட்டுப் பூட்டிக் கொண்டுபோற வோட்டர்புறூவ் பவுச்சுக்கு (waterproof pouch) எங்கட அகராதியில போடத் தமிழ்ச் சொல்லுத் தேடுறம், அதுக்கு இதுவரைக்கும் வந்த சொல்லுகள் எல்லாத்தையும் ஒருக்கா வாசிச்சன். நீர்ப்பை, நீர்க்காப்புறை, நீர்புகா உறை, கைபேசிப்பறி, பேந்து முந்தநாள் வந்த 'நீரெதிர்ப்புக் கையடக்கத் தொலைபேசிக் காப்புறை'. அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள போன் தண்ணிக்க போயிடும், அதால அதை இப்பவே இறக்கி வைப்பம். நான் முல்லைத்தீவுப் பக்கம். மாரி துவங்கினா இஞ்ச இந்தச் சாமானுக்கு வேலை வந்திடும், அதால சொல்லின்ர வடிவைப் பாக்கமுன்னம் பாவிக்கிற ஆக்களின்ர பக்கத்தில நிண்டு கொஞ்சம் நீட்டிக் கதைக்கப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல கழிக்கிறதைக் கழிப்பம். நீர்ப்பை எண்டா சனத்துக்கு ஆசுப்பத்திரிதான் ஞாபகம் வரும், சிறுநீர்ப்பை பக்கத்திலயே நிக்குது, அதோட தண்ணி நிரப்பிற பை எண்டும் விளங்கும், எங்களுக்கு வேண்டியது அதுக்கு நேரெதிர். கைபேசிப்பறி எண்டு எழுதின தம்பியின்ர மனசு எனக்குப் பிடிச்சிருக்கு. பறி எண்டது வீச்சுவலைக்குப் போறவை மீன் போடக் கட்டிக்கொண்டு போற ஓலைப்பை, எங்கட சொல்லு. ஆனா பறியில தண்ணி வடியவேணும், அதுதான் அதின்ர வேலையே. மற்றது 'நேற்று பஸ்ராண்டில கைபேசிப்பறி' எண்டு சொன்னா கேக்கிறவன் பொலிசுக்குப் போகச் சொல்லுவான். கொட்டப்பெட்டி எண்டு ஒராள் பகிடியாப் போட்டிருந்தார், அம்மம்மா காசு வைச்சு இடுப்பில செருகிற பனையோலைப் பெட்டி. பாசமான சொல்லுத்தான், அது அம்மம்மாவோடயே இருக்கட்டும்.

> நீர்க்காப்புறை சுருக்கமாவும் இலக்கணமாவும் இருக்கு, ஏன் வேண்டாம் எண்டுறியள்?

அக்கா, ரண்டு காரணம். நீர்க்காப்பு எண்டா தண்ணியில இருந்து காக்கிறதா, தண்ணியைக் காக்கிறதா? குளத்தை நம்பி வாழுற ஊரில அதை இரணைமடுத் தண்ணியை மிச்சம் பிடிக்கிற திட்டம் எண்டுதான் நினைப்பினம். மற்றது உறை. போன் உறை எண்டா பின்னுக்கு மாட்டுற றப்பர் கவர் எண்டு ஏற்கனவே ஊண்டிப்போச்சு. கையுறை, தலையணை உறை, எல்லாமே உள்ளுக்க இருக்கிறதின்ர உருவத்தோட ஒட்டி நிக்கிறது. இது அப்பிடியில்லை, வாய் இருக்கு, திறந்து போனைப் போட்டு மூடுறம், காசும் அடையாள அட்டையும் கூட உள்ளுக்க போகுது. இது பைதான், பை எண்டே சொல்லுவம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். நீர்புகா. (இடையில ஒண்டு, சிலபேர் நீர்ப்புகா எண்டு ப் போட்டு எழுதியிருக்கினம். நீர் புகாது எண்டதில நீர் எழுவாய், அதில ஒற்று மிகாது. நீர்புகா எண்டே எழுதுங்கோ. புகாவுக்குப் பிறகு பை வந்தா மட்டும் மிகும், நீர்புகாப்பை.) சொல்லு நல்ல சொல்லு, பழகின சொல்லு. எனக்குள்ள பிரச்சினை அது குடுக்கிற வாக்கு. புகா எண்டா புகாது. எந்தத் தண்ணி, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் எண்டு ஒரு கேள்வியும் இல்லாமல் புகாது எண்டு சத்தியம் பண்ணுற மாதிரி. சந்தையில தொங்குற பையள்ல பாதி அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தாது.

இது இஞ்சத்தைச் சின்னக் கடையளின்ர பிரச்சினை மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. 2022 ஜூனில அவுஸ்திரேலியாவில சாம்சங்குக்கு 1 கோடி 40 லட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விழுந்தது. கலக்சி போன் சிலதை நீச்சல் குளத்திலயும் கடல்லயும் பாவிக்கலாம் எண்ட மாதிரி விளம்பரம் செய்தவை, ஆனா நனைஞ்ச போனைக் காயமுன்னம் சார்ச் போட்டா சார்ச் போடுற ஓட்டை அரிச்சுப்போற சாத்தியம் இருந்தது, அதைக் கம்பனியே ஒத்துக்கொண்டது. அதுக்கு முதல் 2020 நவம்பரில இத்தாலியில அப்பிளுக்கு 1 கோடி யூரோ. அசையாத சுத்தமான தண்ணியில ஆய்வுகூடத்தில எடுத்த அளவை வைச்சு விளம்பரம், ஆனா தண்ணியால பழுதானா வாறண்டி இல்லை. வடிவாப் பாத்தா ரண்டு வழக்கும் ஒரு சொல்லு எவ்வளவு வாக்குக் குடுக்கலாம் எண்டதைப் பற்றின வழக்குத்தான், நாங்கள் இஞ்ச இருந்து கதைக்கிற அதே விசயம்.

தூசையும் தண்ணியையும் எவ்வளவு தாங்கும் எண்டு காட்டப் பெட்டியில போடுற ஐ.பி. (IP) இலக்கத்தையும் ஒருக்காச் சொல்லிவிடுறன், ஏனெண்டா சொல்லை இதோட பொருத்திப் பாக்கவேணும். அது சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின்ர 60529 எண்ட நியமம். முதல் இலக்கம் தூசுக்கு, ரண்டாவது தண்ணிக்கு. தண்ணிக்கு 4 எண்டா எந்தப் பக்கத்தாலயும் தெறிக்கிற தண்ணியைத் தாங்கும், அவ்வளவுதான். 7 எண்டா 1 மீற்றர் ஆழத்தில 30 நிமிசம். 8 எண்டா அதிலயும் கடுமை, ஆனா எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் எண்டதைச் செய்தவன் தனியாச் சொல்லவேணும், சொல்லாட்டி அந்த 8ஆல உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பையள்ல அநேகமா ஐ.பி.எக்ஸ்.8 எண்டுதான் கிடக்கும், எக்ஸ் எண்டா தூசுக்குச் சோதிக்கேல்ல. அந்தச் சோதனையும் நல்ல தண்ணியில, எண்டா உப்பில்லாத தண்ணியில. எங்கட நந்திக்கடல் களப்புத் தண்ணி நல்ல தண்ணியில்லை.

அப்ப தெறிக்கிறதுக்கும் தாழுறதுக்கும் இடையில நியமத்திலயே பெரிய வெட்டு இருக்கு. எங்கட பேச்சிலயும் அந்த வெட்டு இருக்கு, அதைக் கவனிச்சியளோ? மழைக்க போனா நாங்கள் நனையிறம். வள்ளத்தில ஓட்டை எண்டா தண்ணி புகுது. நனையிறது மேலால வாறது, புகுறது அமத்தி உள்ளுக்க வாறது. ஆரும் மழைக்க நிண்டிட்டு வந்து எனக்குள்ள தண்ணி புகுந்திட்டுது எண்டு சொல்லமாட்டினம். அதால என்ர பரிந்துரை ஒண்டில்லை, ரண்டு.

நனையாப்பை: மழை, தெறிப்பு, சேறு, வியர்வைக்கு.
நீர்புகாப்பை: ஆழமும் நேரமும் எழுத்தில போட்டிருக்கிற, தாழ்த்தக்கூடிய பைக்கு மட்டும்.

'நீர் எதிர்ப்பு' எண்டதைப் பாடப்புத்தகத்துக்கு வைச்சிருங்கோ, வாயில வராது. தண்ணியோட ஏதோ போராட்டம் நடத்திற மாதிரியும் கிடக்கு.

> நனையாப்பை எண்டா பை நனையாது எண்டெல்லோ பொருள்? பை நனையுமே.

இதை ஐயா கேப்பார் எண்டு தெரியும். ஐயா, உண்ணாவிரதத்தில விரதமே சாப்பிடாமல் இருக்குது? விரதம் இருக்கிற ஆள்தான். உறங்கா இரவு எண்டா இரவா உறங்கேல்ல? நனையாப்பையில நனையாதது உள்ளுக்க இருக்கிற சாமான், தமிழ் இதுக்கு எப்பவோ இடம் விட்டு வைச்சிருக்கு.

பாவனைப் பக்கமும் பிரிவு அப்பிடியேதான் விழுது. மாங்குளம் றோட்டால மோட்டச்சைக்கிள்ல வாறவன், பெரும்போகத்தில வரம்பில நிக்கிற கமக்காரன், இவைக்கு நனையாப்பை காணும். இரவில இடுப்பளவு தண்ணிக்க இறங்கி நந்திக்கடல்ல இறாலுக்கு வலை எறியிறவனுக்கும், நாயாற்றில இருந்து வள்ளம் இறக்கிறவனுக்கும் நீர்புகாப்பை வேணும். அவை முந்தி சொப்பின் பையை (கடையில சாமான் போட்டுத் தாற பொலித்தீன் பை) ரண்டு மூண்டாச் சுத்தி முடிச்சுப் போட்டுத் தொப்பிக்குள்ள வைப்பினம், இப்பவும் வைக்கிறவை இருக்கினம். 2018 மார்கழி வெள்ளத்தில இரணைமடுக் கதவு திறந்து ஊர் ஊராத் தண்ணி ஏறேக்க போன் தப்பினவைக்கும் அநேகமா அந்தச் சொப்பின்தான் காவல். சொப்பின் பை நனையாப்பை, நீர்புகாப்பையில்லை. இப்பிடி ஒரு வசனத்தில விளங்கப்படுத்தக்கூடியதா இருக்கு பாருங்கோ, அதுதான் எனக்கு இந்தச் சொல்லுகள்ல பிடிச்சது.

அகராதியில பதியேக்க விளக்கத்தோட பாவிக்கிற முறையும் ரண்டு வரி போடவேணும் எண்டு கேட்டவை, நான் எழுதி விடுறன், வெட்டித் திருத்துங்கோ. வாங்கேக்க போனின்ர நீட்டு அகலத்தை றப்பர் கவரோட சேத்து அளந்து வாங்கவேணும், இறுக்கிப் புகுத்தினா ஒட்டின ஓரம் விட்டிடும். பை செய்யிற பிளாஸ்ரிக்கில பி.வி.சி. மலிவு, வெயிலுக்க கிடந்து மஞ்சளாகி விறைச்சு மடிப்பில வெடிக்கும், ரி.பி.யூ. வளைஞ்சு குடுக்கும், கொஞ்சம் விலை கூட. வாங்கின உடன போனைப் போடக்கூடாது. காய்ஞ்ச ரிசுக் கடுதாசி ஒண்டை உள்ளுக்க வைச்சுப் பூட்டி, மேல ஒரு பாரம் வைச்சு வாளித் தண்ணிக்க அரை மணித்தியாலம் தாட்டு வைச்சு எடுத்துப் பாக்கவேணும், ரிசுவில ஒரு மூலை ஈரமெண்டாலும் அது நனையாப்பைதான், பெட்டியில என்ன அச்சடிச்சிருந்தாலும். (கடைக்காரரே இப்பிடி ஒரு வாளி வைச்சிருந்தா எங்களுக்கு இந்த விவாதமே தேவையில்லை.) ஒவ்வொரு மாரி துவங்கேக்கயும் திருப்பிச் செய்யவேணும்.

பூட்டுற வாயில ஒரு மணல் இருந்தாலும் போச்சு, எங்கட கரையில அதுதான் பெரிய எதிரி. பூட்டேக்க கை காய்ஞ்சிருக்கவேணும், ஈரக் காத்தை உள்ளுக்க வைச்சுப் பூட்டிப்போட்டு வெயிலில இருந்து குளிர் தண்ணிக்க இறங்கினா உள்ளுக்க புகார் மாதிரி ஆவி படியும், அது ஒழுக்கில்லை, பயப்பிடத் தேவையில்லை. கொஞ்சம் காத்து விட்டுப் பூட்டினா விழுந்தா மிதக்கிறதுக்கு உதவும், ஆனா பாரமான போனை எல்லாப் பையும் மிதக்க விடாது, அதையும் கரையிலயே பாத்திடுங்கோ. தண்ணிக்கடியில திரை விரலுக்கு வேலை செய்யாது, விரல் தொடேக்க திரையின்ர மின்புலத்தில வாற மாற்றத்தைத்தான் திரை உணருது, சுத்திவரத் தண்ணியெண்டா அதுக்கு விரல் எது தண்ணி எது எண்டு விளங்காது, படம் எடுக்கிறதெண்டா சத்தம் கூட்டுற பட்டனை அமத்துங்கோ. கைரேகைப் பூட்டும் பைக்குள்ளால சண்டித்தனம் பண்ணும், இலக்கப் பூட்டை ஞாபகம் வைச்சிருங்கோ. நடு வெயிலில வள்ளத்துப் பலகையில போனைப் பையோட விட்டா சூடேறி அதுவா நிண்டிடும். இயந்திரக் கயிறு இழுக்கேக்கயும் வலை வளைக்கேக்கயும் பையின்ர கயிறு கழுத்தில கிடக்கக் கூடாது, கொளுவுப்படும். உப்புத் தண்ணிக்குப் போய் வந்தா பூட்டினபடியே நல்ல தண்ணியில அலசித் துடைச்சிட்டுத்தான் திறக்கிறது.

எல்லாம் மீறி நனைஞ்சா? உடன நிப்பாட்டி, துடைச்சு, காத்தில வைக்கிறது, சார்ச் போடுறேல்ல. அரிசிக்க புதைக்கிற வைத்தியம் எங்கட ஊரில நெல்லு விளையிறதால இன்னும் கூட. அப்பிளே 2024இல போனை அரிசிப்பைக்குள்ள வைக்காதேங்கோ, சின்னத் துணிக்கையள் உள்ளுக்க போய்ப் பழுதாக்கும் எண்டு எழுதிப்போட்டுது. அரிசியைச் சோறாக்குங்கோ.

மிச்சம் இருக்கிறது ரண்டு துணைச் சொல்லு. கயிறுக்குக் கழுத்துக்கயிறு எண்டதில எனக்குச் சம்மதம். வாயைப் பூட்டுற அந்தத் திருகுக் கிளிப்புத்தான் இன்னும் சரிவரேல்ல. கவ்வி எண்டு கனபேர் சொல்லுகினம், எனக்கென்னவோ அது உடுப்புக் காயப்போடுற கிளிப் மாதிரிக் கிடக்கு. மரவள்ளத்தில பலகை இடுக்கு அடைக்கிறதைக் கலப்பத்து எண்டு சொல்லுவினம், அதை இதுக்குக் கொண்டு வரலாமோ எண்டு யோசிச்சன், ஆனா கலப்பத்துத் திறந்து மூடுற சாமான் இல்லை. வாய்ப்பூட்டு எண்டா பகிடி பண்ணுவினம், எண்டாலும் பிழையில்லை. ஆரெண்டாலும் இதைவிட நல்லதா வைச்சிருந்தா போடுங்கோ, நனையாப்பையையும் நீர்புகாப்பையையும் மறுப்பில்லாட்டி இந்தக் கிழமை பட்டியல்ல ஏத்திவிடுறன்.