முன் டயர் உள்விளிம்பு மட்டும் தேயுது, ஏன்?

கேள்வி: டபுள் விஷ்போன் (ஒவ்வொரு முன் சக்கரத்தையும் மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு இரண்டு ஆர்ம் தாங்கும் சஸ்பென்ஷன்) எஸ்யூவி. முன் டயர் இரண்டும் உள்பக்கம் மொட்டை. வெளிப்பக்கம் 5 மி.மீ. பட்டன் (டயர் மேல இருக்கும் ரப்பர் கட்டை) இருக்கு. வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது) செய்தும் அதேதான். பள்ளத்தில் இறங்கினா 'டக் டக்' சத்தம்.

பதில் 1: முதல்ல லூஸ் பாருங்க. லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வச்சு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடினா பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோட இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். ஒருத்தர் பிரேக் மிதிக்கும்போது ஆட்டம் நின்னா பேரிங். இடவலமா மட்டும் ஆடினா டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட இணைக்கும் மூட்டு). லூஸ் இருக்கும்வரை அலைன்மென்ட் காசு தண்டம்.

பதில் 2: பட்டன் மேல குறுக்கே கையைத் தடவுங்க. ஒரு திசையில் மட்டும் ரம்பம் மாதிரி கீறினா டோ (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்). வழவழன்னு தேய்ஞ்சிருந்தா கேம்பர் (முன்னாடி நின்னு பார்த்தா சக்கரம் சாய்ஞ்சிருக்கும் கோணம்). அங்கங்கே குழி விழுந்திருந்தா ஷாக் அப்சார்பர்.

பதில் 3: லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (ஆர்ம் வண்டியோட சேரும் இடத்து ரப்பர் உறை) பாருங்க. ரப்பர் கிழிஞ்சிருந்தா பிரேக் போடும்போது டோ மாறும். புதுசு போட்டா, வண்டி எடை தரையில் இறங்கின பிறகே போல்ட்டை முழுசா இறுக்கணும். தொங்கவிட்டு இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டு சீக்கிரமே கிழியும்.