டிரினிடாடில் ஆமைக்காக ஓர் இரவு

கரீபியன் பயணம் பற்றிய இந்த இழையில், கரீபியன் என்றால் வெள்ளை மணலும் நீலக் கடலும் என்றுதான் பலரும் எழுதியிருக்கிறீர்கள். கரீபியன் தீவான டிரினிடாடில் தோல்முதுகு ஆமை என்னும் பெரிய கடலாமைகள் முட்டையிடக் கரையேறுவதையும் பார்க்கலாம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை டிரினிடாடுக்குப் போகிறவர்கள் ஓர் இரவையாவது வடகரையிலுள்ள கிராண்ட் ரிவியேர் கிராமத்தில் தங்குங்கள். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து டோக்கோ என்ற ஊர் வழியாக ஏறக்குறைய மூன்று மணி நேரம். கடைசிப் பகுதி முழுக்க வளைவுகள்.

அனுமதிச் சீட்டும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் இரவில் கடற்கரைக்குள் விடமாட்டார்கள். டார்ச், ஃபிளாஷ் எதுவும் கூடாது. வழிகாட்டியின் கையிலிருக்கும் சிவப்பு விளக்கு ஒன்றுதான் வெளிச்சம்.

தோல்முதுகு ஆமை கரையேறிக் குழி தோண்டும்வரை எங்களைத் தள்ளியே நிறுத்தினார் எங்கள் வழிகாட்டியான அம்மா. பின்துடுப்புகள் இரண்டும் மாறி மாறி, அகப்பையால் அள்ளுவதுபோல ஈரமணலை வெளியே எடுத்தன. முட்டையிடத் தொடங்கிவிட்டால் ஆள் அருகில் வருவதை அது பொருட்படுத்துவதில்லை என்று சொல்லி, அதன்பிறகே கிட்டே அழைத்தார். கெட்டி ஓடு கிடையாது. கரிய தோல்மேல் நீளவாக்கில் ஏழு வரிமேடுகள். பெருமூச்சு தெளிவாகக் கேட்டது. கண்ணிலிருந்து நீர் வழிந்ததைப் பார்த்து ஒரு சிறுமி கலங்கிவிட்டாள். உடம்பில் சேரும் உப்பை அது அப்படித்தான் வெளியேற்றுகிறது என்று அந்த அம்மா பொறுமையாக விளக்கினார்.

இறைச்சிக்காக ஆமைகளை வெட்டிய காலமும் இந்தக் கரைக்கு உண்டு. பிறகு ஊர்க்காரர்களே இரவுக் காவலுக்கு இறங்கினார்கள். எனவே வழிகாட்டிக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள்.

விடிந்ததும் மறுபடியும் கரைக்குப் போங்கள். இடம் போதாமல் ஓர் ஆமை இன்னொன்றின் குழியைத் தோண்டிவிடுகிறது. வெளியே வந்த முட்டைகளைப் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துகின்றன. பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் பார்க்க வேண்டும்.

இதே தீவிலுள்ள கரோனி சதுப்பு நிலத்தில் பறவை பார்ப்பது பற்றிக் கேட்டவருக்கு: மாலை நான்கு மணிப் படகில் ஏறுங்கள். செந்நிற அரிவாள்மூக்கன்கள் கூட்டங்கூட்டமாக வந்து அலையாத்தி மரங்களில் அடைவது பொழுது சாயும் நேரத்தில்தான். பறவைகள் கலையாதிருக்கப் படகைத் தொலைவிலேயே நிறுத்துவார்கள். அதனால் பைனாகுலர் அவசியம். கொசுவுக்காக முழுக்கைச் சட்டையும்.